மாடியில் கழிவறை வேண்டும், வளவு வீடு தாங்குமா?

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் பெயரையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

கோயம்புத்தூரில் இருந்த குடும்பம். கணவர் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டார். வீடு 90 வருடத்துக்கு மேற்பட்ட வளவு வீடு, அதாவது நடுவில் திறந்த முற்றமும் (வளவு) அதைச் சுற்றித் தாழ்வாரமும் உள்ள செட்டிநாட்டு வீடு. பங்கு நாலு, ஆனால் இப்போது குடியிருப்பது இவர்கள் மட்டும். மாமனார், மாமியார் இருவரும் கீழே வளவு அறையில். இவரும் கணவரும், தேர்வுக்குப் படிக்கும் மகளும் வாசல் பக்கத்து முகப்புக்கு மேலே இருக்கும் மாடி அறைகளில். கழிவறை இருப்பதோ தோட்டத்தில், கிணற்றடியில். மாடியிலிருந்து இறங்கி வளவு, அதற்குப் பின்னால் உள்ள இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் போக வேண்டும். போன ஐப்பசி மழையில் வளவுக் கல்லில் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பு பிசகிவிட்டது. "ராத்திரியில் மகளை அனுப்பவும் மனசு வரவில்லை, மழை நாளில் நானே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருக்கிறார்.

கொத்தனார் ஒருவர் வழி சொல்லியிருக்கிறார். மாடி அறையின் வளவு ஓரத்து மூலையில் 6-க்கு 4 அடி எடுத்துக்கொள்வது, தரையை ஓரடி வெட்டிப் பள்ளமாக்கி அதில் குழாயைப் படுக்க வைப்பது, நாலரை அங்குலச் சுவர் எழுப்புவது, கழிவுக் குழாயை வளவின் மழைநீர்த் தூம்பில் சேர்த்துப் பின்பக்கத் தொட்டிக்கு விடுவது. "பத்து நாள் வேலை" என்றாராம். தொட்டி பழசு, ஆனால் 30 வருடமாக நிரம்பியதே இல்லை, அதனால் கவலை வேண்டாம் என்று மாமனாரும் சொல்கிறார். பங்காளிகளில் மூத்தவர் மட்டும் "வீட்டுக்குள்ளே கக்கூஸா?" என்று மறுக்கிறார். செய்யலாமா, கூடாதா என்பது கேள்வி.

சகோதரி, செய்யலாம். கொத்தனார் சொன்ன மாதிரி மட்டும் செய்யக் கூடாது. அந்தத் திட்டத்தில் உள்ள நாலு வேலைகளும், அதாவது இடம், பள்ளம், சுவர், தூம்பு, இந்த வகை வீட்டுக்கு ஒத்துவராதவை. புதுக் கான்கிரீட் வீட்டில் தினமும் செய்கிற வேலையை அப்படியே உங்கள் வீட்டுக்கும் சொல்லியிருக்கிறார். கெட்ட எண்ணம் இல்லை, பழக்கம்தான்.

நீங்கள் யோசிக்கும் வரிசையையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். "எந்த மூலையில் கழிவறை வைக்கலாம், அப்புறம் குழாயை எப்படிக் கொண்டுபோகலாம்" என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய வீட்டில் இதைத் திருப்பிக் கேட்க வேண்டும். குழாய் எந்த வழியாக, எதையும் வெட்டாமல், வெயில் படும் இடத்தில், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்க முடியும் என்று முதலில் பாருங்கள். அந்த வழிக்கு மேலே கழிவறை தானாக வந்து உட்காரும்.

மாடித் தரைக்குள் என்ன இருக்கிறது

உங்கள் மாடித் தரை கான்கிரீட் தளம் இல்லை. கடிதத்தோடு அனுப்பிய படத்தில் கீழ்ப்பக்கம் தேக்குக் கட்டைகள் வரிசையாகத் தெரிகின்றன. அது மெட்ராஸ் டெரஸ். சுவருக்குச் சுவர் கட்டைகள், அவற்றின் மேல் சின்னச் செங்கற்களை நெட்டுக்குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்பு வைத்து அடுக்கியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, நாள்கணக்கில் அடித்து இறுக்கிய தளம். கடைசியாக ஆத்தங்குடிக் கல் என்கிற தரை ஓடு. கட்டையை விட்டுவிட்டால் இத்தனைக்கும் சேர்த்துக் கனம் பெரும்பாலும் முக்கால் அடிதான் வரும். அதில் ஓரடி பள்ளம் எங்கிருந்து எடுப்பது? வெட்ட ஆரம்பித்தால் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் அந்தச் செங்கல் வரிசை பிடி விட்டுவிடும். முதல் வாரம் எதுவும் தெரியாது. கீழே முகப்பின் மேற்கூரையில் சுண்ணாம்புப் பொடி உதிர ஆரம்பிக்கும்போதுதான் தெரியும்.

எடையையும் ஒரு கணக்குப் பார்த்துவிடுவோம். 6-க்கு 4 அடிப் பள்ளத்தை ஓரடி உயரத்துக்குச் செங்கல் உடைசலும் கலவையும் போட்டு நிரப்பினால் சுமார் 1.2 டன். மூலையில் வைப்பதால் புதுச் சுவர் இரண்டு பக்கம்தான். 10 அடி நீளம், 8 அடி உயரம், நாலரை அங்குலக் கனம் என்றால் அது சுமார் 1.6 டன். பூச்சு, டைல்ஸ், பீங்கான் எல்லாம் சேர்த்தால் 3 டன்னைத் தொடும். குடியிருக்கும் அறையில் ஆட்கள், கட்டில், பீரோ எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ என்று கணக்கு வைப்பது பொறியாளர்கள் வழக்கம். உங்கள் 24 சதுர அடிக்கு அது 450 கிலோதான். 90 வருடக் கட்டைகள் மேல் அதைப்போல் ஆறு மடங்கை நிரந்தரமாக ஏற்றி வைக்கச் சொல்கிறார் கொத்தனார்.

எடையை விடவும் எனக்குப் பயம் தருவது ஈரம். தேக்கு வெயிலுக்கும் காற்றுக்கும் அசையாது. பர்மாவிலிருந்து வந்த கட்டைகள் இந்தப் பக்கத்து வீடுகளில் இன்றும் அப்படியே இருப்பதற்குக் காரணம், அவை நனையாமல் இருந்ததுதான். ஆனால் சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டையின் முனை ஒருமுறை ஊறினால் காற்று இல்லாமல் உள்ளேயே நைந்து போகும், கறையானும் வரும். வெளியில் பார்த்தால் கட்டை பளபளவென்று இருக்கும். பள்ளம் போட்டுக் கட்டிய கழிவறையில் குழாய் மூட்டு ஒன்று கசிந்தால், அந்த ஈரம் வருடக்கணக்கில் நிரப்பலுக்குள் தேங்கி நின்று கட்டைக்குத்தான் போகும். அதனால் உங்கள் வீட்டில் மாடித் தரைக்குள்ளே எந்தக் குழாயும் படுக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்படியானால் எப்படி? பின்பக்கம் வழியாகக் கழிவு போகும் வெஸ்டர்ன் டாய்லெட் வாங்குங்கள். கடையில் பி-டிராப் (P-trap) என்று கேட்டால் தருவார்கள். டிராப் என்பது தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு. தரை வழியாகப் போவது எஸ்-டிராப், அது வேண்டாம். பி-டிராப்பின் வாய் தரைக்கு மேலே 18 செ.மீ. அளவில் இருக்கும், நேராகச் சுவரைத் துளைத்து வெளியே போய்விடலாம். சுவரில் தொங்கும் வகையும் பார்க்க அழகுதான். ஆனால் அதை சுண்ணாம்புச் சுவரில் போல்ட் அடித்து மாட்டக் கூடாது, தனி இரும்புச் சட்டம் வேண்டும். உங்களுக்குத் தரையில் நிற்பதே போதும்.

தடுப்புச் சுவருக்குச் செங்கல் வேண்டாம். துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டத்தில் இரண்டு பக்கமும் சிமெண்ட் ஃபைபர் போர்டு அடித்தால் அதே 10 அடித் தடுப்பு கால் டன்னுக்குள் முடிந்துவிடும். தரையை உடைக்காமல் அதன் மேலேயே, சுவருக்குச் சுவர் இரண்டு இரும்பு விட்டம் வைத்து, ஐந்தாறு அங்குலம் உயர்த்திய மேடை போட்டுக்கொள்ளலாம். எடை தேக்குக் கட்டைக்குப் போகாமல் சுவருக்குப் போகும். கை கழுவும் தண்ணீரும் தரை கழுவும் தண்ணீரும் போகிற சின்னக் குழாய், ஃப்ளோர் டிராப் எல்லாம் அந்த மேடையின் உயரத்துக்குள் அடங்கும். மேடைக்கு அடியில் ஒரு பக்கம் திறந்து பார்க்கும்படி பலகை வையுங்கள். கசிவு வந்தால் அன்றைக்கே தெரிய வேண்டும். ஆத்தங்குடிக் கல்லும் பிழைத்துப்போகும்.

குளியல் வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். மாடியில் கழிவறையும் வாஷ்பேசினும் மட்டும் வைத்துக்கொண்டு குளியலைக் கீழேயே விட்டால், மேலே ஊற்றும் தண்ணீர் வெகுவாகக் குறைந்துவிடும். ராத்திரிப் பிரச்சினை தீர்வதற்கு அது போதும்.

குழாய் இறங்கும் வழி

கொத்தனார் சொன்ன வளவு ஓர மூலையை மறந்துவிடுங்கள். வீட்டின் மேற்கே உங்கள் வீட்டுக்கே சொந்தமான ஆறடிச் சந்து இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வழி அதுதான். மாடியின் மேற்குச் சுவரை ஒட்டிக் கழிவறை, குழாய் சந்துப் பக்கம் வெளிச்சுவரில் இறங்கட்டும்.

சுவரைத் துளைக்கச் சம்மட்டி வேண்டாம். கோர் கட்டிங் இயந்திரம் காரைக்குடியில் வாடகைக்குக் கிடைக்கும், சுவர் அதிராமல் வட்டமாக வெட்டித் தரும். தேக்குக் கட்டை சுவருக்குள் நுழையும் இடத்துக்கு நேர் கீழே துளை வரக் கூடாது. துளைக்குள் கொஞ்சம் பெரிய குழாய்த் துண்டு ஒன்றை உறையாக வைத்து, அதற்குள் கழிவுக் குழாயை வெளிப்பக்கம் சரிவாக விடுங்கள். சுற்றி அடைப்பது சுண்ணாம்புக் கலவையாக இருக்கட்டும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி உப்புப் பூத்துப் பூச்சு பெயர்ந்து வரும். குழாய் மறையட்டும் என்று உட்சுவரில் காடி வெட்டவும் விடாதீர்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த அந்த முட்டைப் பூச்சை வெட்டிவிட்டால் அதே பளபளப்பில் ஒட்டுப்போட இன்று ஆள் கிடைப்பது கஷ்டம்.

குழாய் 110 மி.மீ. எஸ்.டபிள்யூ.ஆர். வகை, மலக் கழிவுக்கான கனமான பி-டைப் (Type B). மழைநீருக்கு விற்கும் மெல்லிய ஏ-டைப்பை விலை குறைவு என்று மாட்டிவிடுவார்கள், குழாய் மேல் அச்சடித்திருப்பதைப் படித்துப் பாருங்கள். கீழே திரும்பும் இடத்தில் 90 டிகிரி பெண்ட் ஒன்றைப் போடாமல் 45 டிகிரி பெண்ட் இரண்டு போடச் சொல்லுங்கள். அடைப்பெடுக்கத் திறப்பு உள்ள டோர் பெண்ட் ஒன்றும் அங்கே வேண்டும்.

அதே குழாய் மேலேயும் போக வேண்டும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். உங்கள் கடிதத்திலும் "காற்றுக் குழாய் தொட்டிக்குத்தானே, மாடிக்கு எதற்கு" என்று ஒரு வரி இருக்கிறது. டிராப்பில் எப்போதும் 50 மி.மீ. தண்ணீர் நின்றுகொண்டிருக்கும். கீழேயிருந்து வரும் வாடையையும் பூச்சியையும் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். மாடியிலிருந்து ஆறு லிட்டர் தண்ணீர் மொத்தமாக விழும்போது, ஊசிக்குழலில் இழுக்கும் தண்டு மாதிரி தனக்குப் பின்னால் காற்றை இழுக்கும். குழாயின் மேல் வாய் திறந்திருந்தால் வெளிக்காற்று வரும். மூடியிருந்தால் வாஷ்பேசின், ஃப்ளோர் டிராப் இவற்றில் நிற்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அப்புறம் எவ்வளவு ஃபினாயில் ஊற்றினாலும் வாடை போகாது. ஆகவே குழாயை ஓட்டுச் சாய்ப்புக்கு மேலே, எந்த ஜன்னலை விடவும் உயரமாகக் கொண்டுபோய், கொசுவலை வைத்த மூடி போடுங்கள்.

சந்தில் படுக்கும் குழாய்க்குச் சரிவு 40 அடிக்கு 1 அடி என்று வையுங்கள். முகப்பிலிருந்து தோட்டம் வரை 120 அடி என்று சொல்கிறீர்கள். அப்படியென்றால் 3 அடி இறக்கம். ஆரம்பத்தில் ஓரடி ஆழத்தில் படுத்தால் தோட்டத்துக்குப் போகும்போது 4 அடி ஆழம். புதுத் தொட்டியின் வாய் அந்த ஆழத்துக்கு ஒத்துவர வேண்டும் என்பதால், தொட்டி கட்டும் முன்பே இந்த மட்டத்தை ரசமட்டக் குழாய் வைத்துப் பார்த்துவிடுங்கள். தொட்டியைக் கட்டிவிட்டு மட்டம் பார்த்தால் நடுவில் குழாய் ஏறி இறங்கும். ரொம்ப ஆழம் போகிறது என்றால் 60-க்கு 1 வரை சரிவைக் குறைக்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். திருப்பம் ஒவ்வொன்றிலும், நேராகப் போகும் இடத்தில் 30, 40 அடிக்கு ஒன்றாகவும் சேம்பர், அதாவது மூடியைத் திறந்து அடைப்பெடுக்கும் சின்னத் தொட்டி, கட்டுங்கள். பள்ளம் சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளியிருக்கட்டும். 120 அடியையும் ஒரே நாளில் தோண்டிப் போடாமல், பத்துப் பதினைந்து அடியாகத் தோண்டி, குழாய் போட்டு, மூடிக்கொண்டே போகச் சொல்லுங்கள். சுண்ணாம்பு அஸ்திவாரத்தின் பக்கத்து மண்ணை நீண்ட பள்ளமாகத் திறந்து வைத்துவிட்டு அன்று மழை பிடித்துக்கொண்டால் சுவர் இறங்கும்.

மழைநீர்த் தூம்பில் சேர்ப்பது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அது நாலு பக்க ஓட்டுத் தண்ணீரும் வளவில் விழுந்து வெளியேற முன்னோர் விட்ட வழி. அதில் டிராப் கிடையாது. கழிவைச் சேர்த்தால் வாடை முழுக்க வளவுக்கு வரும். ஐப்பசி கார்த்திகையில் ஒரு மணி நேரம் விடாமல் பெய்தால், கழிவும் மழையும் கலந்து வளவிலேயே பொங்கும். உங்கள் மாமியார் விழுந்த அதே கல்லின் மேல்.

"நிரம்பாத" தொட்டி

மாமனாரிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள். 30 வருடமாக ஒரு தொட்டி நிரம்பவில்லை என்றால் அது நல்ல தொட்டி என்று அர்த்தமில்லை. அடியில் தளம் இல்லாத வெறும் குழி என்று அர்த்தம். உள்ளே போனதெல்லாம் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. அது கிணற்றிலிருந்து 25 அடியில் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கத்துச் செம்மண்ணும் அதற்கடியில் உள்ள செம்பூரான் கல்லும் தண்ணீரை வேகமாக இறக்கிவிடும். வெடிப்பு இருந்தால் வடிகட்டாமலே இறக்கிவிடும். காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியைப் பற்றிப் பெருமை பேசுகிற பக்கம் இது, நிலத்துக்கு அடியில் எதை அனுப்புகிறோம் என்று நாமே பார்த்துக்கொள்ள வேண்டாமா?

கிணற்று நீரைச் சமையலுக்கு எடுப்பதை இன்றே நிறுத்திவிட்டு, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு மாதிரி கொடுங்கள். கோலிஃபார்ம் கிருமியும் நைட்ரேட்டும் பார்க்கச் சொல்லுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லி கிராமுக்கு மேல் இருந்தால் அது குடிக்க ஏற்ற தண்ணீர் இல்லை. கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது.

மாடிக் கழிவறையைப் பழைய குழியில் சேர்க்கக் கூடாது. புதுசாக, அடியும் பக்கமும் பூசிய, நடுவில் தடுப்பு வைத்த செப்டிக் டேங்க் கட்டுங்கள். வீட்டில் ஐந்து பேர்தான், ஆனால் படைப்பு (முன்னோர் வழிபாடு), கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்றால் உங்கள் வீட்டில் எத்தனை பேர் சேருவார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே 10 பேர் கணக்கில் போகலாம். செப்டிக் டேங்குக்கான ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தரக்குறிப்பின்படி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கசடு எடுப்பதாக இருந்தால், உள்ளளவு 2 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் 1.4 மீட்டர், அதற்கு மேல் 30 செ.மீ. காலி இடம். தொட்டியிலிருந்து தெளிந்து வரும் நீரும் சுத்தமானது இல்லை, அது உறிஞ்சு குழிக்குப் போக வேண்டும். அந்தக் குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது, அதாவது 60 அடியாவது தள்ளியிருக்க வேண்டும். உங்கள் தோட்டம் அடுத்த தெரு வரை போகிறதே, கடைசி மூலையில் வைக்கலாம். பக்கத்து வீட்டுக் கிணறு அந்த மூலைக்கு எவ்வளவு தூரம் என்றும் எட்டிப் பார்த்துவிடுங்கள். மழைத் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாதீர்கள். ஆசிட் ஊற்றிக் கழுவுவதையும் விட்டுவிடுங்கள், கசடைச் சிதைக்கும் கிருமிகள் செத்துவிட்டால் தொட்டி வெறும் சேமிப்புக் கிடங்குதான்.

பழைய குழியை மூட ஆளை உள்ளே இறக்கலாம் என்று யாராவது சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் வாயு ஒரு நிமிடத்தில் ஆளைச் சாய்த்துவிடும். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது குற்றம். முதல் தடவையே 2 வருடம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். உரிமம் உள்ள கழிவுநீர் லாரியை வரவழைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, சுண்ணாம்புத்தூளும் மண்ணும் போட்டு நிரப்பிவிடலாம்.

உங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வந்திருந்தால் இந்தக் கணக்கே வேறு. ஊர்ப் பெயரை வைத்துப் பார்த்தால் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

மாடிக்குத் தண்ணீர்

இது சுலபமான பகுதி. ஓட்டுக் கூரைக்கு மேலோ மெட்ராஸ் டெரஸ் நடுவிலோ 1000 லிட்டர் டேங்க் வைக்காதீர்கள். அது ஒரு டன். இரண்டடிக் கனமுள்ள மேற்குச் சுவரின் தலைப்பில் சிறிய இரும்புச் சட்டம் நிறுத்தி 200 லிட்டர் டேங்க் வைத்தால் போதும், 30 தடவைக்கு மேல் ஃப்ளஷ் ஆகும். கீழேயிருந்து மோட்டாரில் ஏற்றிக்கொள்ளலாம். குழாயின் வாயிலிருந்து டேங்கின் அடி ஆறேழு அடியாவது உயரத்தில் இருந்தால்தான் கைக்குழாயில் தண்ணீர் பீய்ச்சும். ஃப்ளஷ் டேங்குக்கு அந்த உயரம்கூடத் தேவையில்லை. இரண்டு பொத்தான் வைத்த, 3 லிட்டரும் 6 லிட்டரும் விடுகிற வகையை வாங்குங்கள். டேங்க் நிரம்பி வழியும் குழாய் சந்துப் பக்கம் வெளியே விழட்டும், மறந்துபோய் மோட்டாரை ஓட விட்டால் தண்ணீர் சுவருக்குள் போகக் கூடாது.

கழிவை அரைத்து மெல்லிய குழாயில் தள்ளும் மோட்டார் வைத்த கழிவறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஹோட்டலாக மாறிய பழைய வீடுகளில் வைக்கிறார்கள், வேலையும் செய்கிறது. ஆனால் மின்சாரம் போனால் அது நின்றுவிடும், பழுதானால் உதிரிப் பாகத்துக்கு அலைய வேண்டும். வெளிச்சுவர் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது அது உங்களுக்கு எதற்கு?

பங்காளிகளும் அனுமதியும்

நான் கட்டடப் பொறியாளன், வழக்கறிஞர் இல்லை. ஆனால் பங்கு வீடுகளில் வேலை பாதியில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். "இப்போது குடியிருப்பது நாங்கள்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். குடியிருப்பதால் மட்டும் முகப்பும் வெளிச்சுவரும் சந்தும் உங்களுடையதாகிவிடாது. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் பொது என்று இருப்பதெல்லாம் நாலு பங்குக்கும் பொதுதான். உட்கார்ந்து ஒரு படம் வரைந்து, எங்கே கழிவறை, எந்தச் சுவரில் துளை, எங்கே தொட்டி, செலவு யாருடையது, பிற்காலத்தில் எடுக்க வேண்டுமானால் யார் எடுப்பது என்று எழுதி நாலு பங்கிலும் கையெழுத்து வாங்குங்கள். வாங்காமல் ஆரம்பித்தால் ஒருவர் போய்த் தடையாணை வாங்கிவிடலாம். சுவரில் துளை போட்ட பிறகு தடையாணை வந்தால் அந்த மழைக்காலம் முழுக்க ஓட்டைச் சுவரோடு இருக்க வேண்டியதுதான்.

மூத்த பங்காளி சொல்வதை மூடத்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவும் வசதியோ டிராப்போ இல்லாத காலத்தில் கழிவறையைத் தோட்டக் கடைசியில் வைத்தது சரியான முடிவுதான். இப்போது வாடையைத் தடுக்க டிராப்பும் காற்றுக் குழாயும் இருக்கின்றன என்று அவருக்குப் படம் போட்டுக் காட்டுங்கள். சாமி அறைக்கோ படைப்பு நடக்கும் இடத்துக்கோ அடுப்படிக்கோ மேலே வரவில்லை என்பதையும் சொல்லுங்கள். அது அவருக்கு மனநிறைவு. எனக்கும் அதுதான் வேண்டும், கசிந்தால் கீழே கெட்டுப்போக எதுவும் இருக்கக் கூடாது.

அனுமதி விஷயத்தில், இருக்கும் சுவர்களுக்குள்ளேயே தடுப்புப் போடுவது ஒரு ரகம், வெளியே புதுசாகக் கட்டுவது வேறு ரகம். சந்தில் தனித் தூண் எழுப்பி மாடியோடு சேர்த்துக் கழிவறை கட்டலாமே என்று உங்கள் கணவர் கேட்டிருக்கிறார். கட்டடக் கணக்குப்படி அது நல்ல யோசனை, பழைய தரைக்கு வேலையே இல்லை. ஆனால் ஆறடிச் சந்தில் கட்டினால் பக்கத்தில் விட வேண்டிய இடம் போய்விடும். 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி அதற்குத் திட்ட அனுமதி கேட்டால் கிடைப்பது கடினம். உள்ளே தடுப்புப் போடும் திட்டத்துக்கும் புதுச் செப்டிக் டேங்குக்கும் உங்கள் ஊராட்சியில் எழுத்து மூலமாகக் கேட்டு, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியாருக்கு மாடி தீர்வு இல்லை

கடிதத்தில் என்னை உறுத்திய இடம் இதுதான். அவர் விழுந்ததில் இருந்துதான் இந்தப் பேச்சே ஆரம்பித்திருக்கிறது. ஆனால் மாடியில் கழிவறை வந்தால் அவர் அதற்காகப் படியேற மாட்டார், ஏறவும் கூடாது. நனைந்த வளவைத் தாண்டித் தோட்டத்துக்குத்தான் தொடர்ந்து போவார்.

புதுக் குழாய் சந்து வழியாகப் பின்னால் போகப்போகிறதே, வழியில் இரண்டாம் கட்டின் மேற்கு ஓரத்தில் ஒரு அறையைக் கீழ்க் கழிவறையாக மாற்றிவிடுங்கள். அதற்குத் தாங்கும் தளம் பற்றிய கவலை இல்லை, மண் தரைதான். வளவுச் சுற்றுத் தாழ்வாரத்தில் நனையாமலே நடந்து போய்விடலாம். கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, வெளியே திறக்கும் கதவு, படுக்கையிலிருந்து அதுவரை ராத்திரி எரியும் ஒரு சின்ன விளக்கு. ஒரு விஷயம் மட்டும் கவனம்: இந்தக் கழிவறையை மாடியிலிருந்து வரும் குழாயின் அடித் திருப்பத்துக்குப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். மேலேயிருந்து விழும் வேகத்தில் கீழ்க் கழிவறையின் தண்ணீர் எகிறும். தனிக் குழாயாகக் கொண்டுவந்து சேம்பரில் சேருங்கள்.

கையில் பணம் ஒரே ஒரு கழிவறைக்குத்தான் இருக்கிறது என்றால், என் யோசனை: இந்த வருடம் தொட்டி, சந்துக் குழாய், கீழ்க் கழிவறை. மாடிக்கான இணைப்பை முதல் சேம்பரில் மூடி போட்டு விட்டு வையுங்கள். அடுத்த வருடம் மாடி. அதுவரை ராத்திரியில் உங்கள் மகளும் தோட்டத்துக்குப் போக வேண்டியதில்லை, படியிறங்கித் தாழ்வாரத்தோடு போய் வந்துவிடலாம்.

வேலையை மாசி, பங்குனியில் ஆரம்பித்தால் ஐப்பசிக்கு முன் எல்லாம் காய்ந்துவிடும். மாடி வேலைக்கு முன் மரக் கட்டைகளை ஒரு கட்டமைப்புப் பொறியாளர் நேரில் வந்து பார்க்க வேண்டும், படத்தைப் பார்த்து நான் சொல்வது போதாது. சுவருக்குள் நுழையும் முனைகளில் திருப்புளியால் அவர் குத்திப் பார்ப்பார். அரை அங்குலம் உள்ளே இறங்கினால் கழிவறைக்கு முன்னால் அந்தக் கட்டைக்குத்தான் வைத்தியம். குழாய் வேலை முடிந்ததும் மூடுவதற்கு முன் கீழ் வாயை அடைத்து, குழாய் நிறையத் தண்ணீர் ஊற்றி, மேலே மட்டத்தைக் குறித்து வைத்துவிட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் பிளம்பருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.